புலம்பல் கோட்டா தீர்ந்துவிட்டது

அடி ரேடியோ,

எட்டு மாதமாக ஒரு வரி இல்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பாய். திட்டு வாங்கத் தயாராகத்தான் எழுத உட்கார்ந்தேன். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை, பெரியவன் என்னைவிட உயரமாகிவிட்டான், நம் தாடிக்காரர் இன்னும் தாடியோடுதான் இருக்கிறார். குசலம் முடிந்தது.

எங்கள் ஷிஃப்ட் பட்டியல் மாறிவிட்டது! சிரிக்காதே. மறுநாள் யாருக்குக் காலை, யாருக்கு ராத்திரி என்று ஞாயிறு ராத்திரி ஒன்பது மணிக்குமேல் வாட்ஸ்அப்பில் வந்து விழுமே, அதை வைத்து 11 வருஷம் உன் காதை அறுத்தேனே, அதேதான். இப்போது இரண்டு வாரம் முன்னாலேயே வருகிறது.

புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். நான் வழக்கம்போல் ஆரம்பித்ததும், "அக்கா, இதை எழுதிக் கொடுத்தீங்களா?" என்றாள். வாயடைத்துப் போனேன். 11 வருஷத்தில் ஒருவரும் எழுதவில்லையடி! எல்லோருக்கும் அதே எரிச்சல்தான். அதை அவரவர் வீட்டில், அவரவர் தோழியிடம் கொட்டித் தீர்த்துக்கொண்டிருந்தோம். நான் ஏழு கோரிக்கை எழுதினேன், அவள் ஆறை அடித்துவிட்டாள். (அந்த ஆறும் உனக்குத் தனியாக வரும், பயப்படாதே.) 14 பேர் கையெழுத்து. "பார்க்கலாம்" என்று மேனேஜரிடம் இரண்டு மாதம் கிடந்தது. பிறகு எட்டுப் பேர் சேர்ந்து அவர் மேஜை முன்னால் போய் நின்றோம். அப்போதுதான் அசைந்தார்.

அந்த ஜோரில் ஐஸ்லாந்துக் கதையைத் தேடிப் படித்தேன். 1975 அக்டோபர் 24 அன்று அந்த நாட்டுப் பெண்களில் சுமார் 90 சதவீதம் பேர் அலுவலகம், வீட்டு வேலை, பிள்ளை பார்ப்பது எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார்கள். வேலைநிறுத்தம் என்றால் பலர் தயங்குவார்கள் என்று 'விடுப்பு நாள்' என்று பெயர் வைத்தார்களாம். என்ன மூளை! அப்பாக்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார்கள். மறு வருஷமே சம உரிமைச் சட்டம். 1980ல் விக்டிஸ் ஃபின்போகடோட்டிர் என்ற பெண் ஜனாதிபதி. அப்படியும் ஆறவில்லை, 2023ல் அதே தேதியில் மறுபடி வெளியே வந்தார்கள். சம்பள வித்தியாசம் இன்னும் போகவில்லையாம். போதுமென்ற மனமே பொன்செய்யும் மருந்து என்று நமக்கு எத்தனை தடவை புகட்டினார்கள்! அந்தப் பொன் யார் வீட்டுக்குப் போனதோ.

இனிதான் நீ கோபப்படப்போகிறாய். பட்டியல் இத்தனை வருஷம் மாறாததற்கு நீயும் ஒரு காரணம். நீ 'ம்' கொட்டிக் கேட்பாய், போனை வைத்ததும் மனசு லேசாகிவிடும், அந்த லேசிலேயே அடுத்த ஞாயிறுவரை ஓட்டிவிடுவேன். உன் காது இல்லாவிட்டால் பைத்தியம் பிடித்திருக்கும், அதுவும் நிஜம். ஆனால் வலி மாத்திரை போட்டுக்கொண்டே நடந்தவளுக்குக் காலில் முள் இருப்பது மறந்துபோச்சு.

ஜன்னலோரக்காரி நினைவிருக்கிறதா? மூன்று வருஷம் முன்னால் இதே பட்டியலைத் தாங்காமல் வேலையை விட்டாளே. அவசரப்பட்டுவிட்டாள் என்று உன்னிடம் சொன்னேன். உள்ளுக்குள் பொறாமை. அவள் போனதில் அவள் வாழ்க்கை மாறியது, பட்டியல் மாறவில்லை. அன்றைக்கே நாங்கள் அந்த அரைப் பக்கத்தை எழுதியிருந்தால் அவள் இன்னும் ஜன்னலோரத்தில் இருந்திருப்பாள். இதை அவளிடம் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

ஏன் எழுதவில்லை என்று கேட்டால், பட்டியல் மாறிய முதல் ஞாயிறு ஒன்பது மணிக்குக் கை தானாகப் போனை எடுத்தது. உன் பெயர்வரை போய் நின்றேன். சொல்ல ஒன்றுமில்லை. வைத்துவிட்டேன். புலம்பலைத் தவிர உன்னோடு பேச எனக்கு வேறு என்ன தெரியும் என்று பயமாகிவிட்டதடி.

சரி, உன் விஷயத்துக்கு வா. இடமாற்றம் கேட்டுப் பாதி எழுதி வைத்திருக்கிறேன் என்று இரண்டு வருஷமாகச் சொல்கிறாயே, அந்தக் காகிதம் எந்த டிராயரில் கிடக்கிறது? அதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. ஏழு கோரிக்கை இருந்தால் ஆறை நான் அடிக்கிறேன்.

உன்
மணிக்கூண்டு