மொசூலில் இன்னும் எழுதப்படாத இறப்புச் சான்றிதழ்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஈராக்கின் மொசூல் நகரத்து அல் நூரி பள்ளிவாசல் மறுபடி கட்டப்பட்டு 2025 செப்டம்பரில் திறக்கப்பட்ட செய்தியைப் படித்தேன். 2014 ஜூலையில் ஐ.எஸ். பயங்கரவாத அமைப்பின் தலைவர் அபூபக்கர் அல் பாக்தாதி மேடையேறிப் பேசிய இடம் அது. 2017 ஜூனில், தோற்று ஓடும் நேரத்தில், ஐ.எஸ். அமைப்பே அதை வெடி வைத்துத் தகர்த்தது. அல் ஹத்பா என்ற சாய்ந்த கோபுரமும் கூடவே விழுந்தது. யுனெஸ்கோவும் ஐக்கிய அரபு அமீரகமும் கைகொடுக்க, கோபுரம் பழைய சாய்வோடு மீண்டும் நிற்கிறது. மகிழ்ச்சியான செய்திதான். இத்தோடு மொசூலின் கதை சுபமாக முடிந்தது என்ற எண்ணம் வாசகர்களுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினம் மாவட்டத்தில், கடலோடு போய் உடல் கிடைக்காதவர்களின் குடும்பங்களிடம் மனு வாங்கி விசாரிக்கும் பணியில் இருந்தேன். காணாமல் போனவரை இறந்தவராகக் கருதச் சட்டப்படி ஏழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அந்தக் குடும்பங்களுக்கு அரசு அதைத் தளர்த்தியது. கிராமத்தில் விசாரித்து, சாட்சி வாக்குமூலம் வாங்கி, இறப்புச் சான்றிதழ் கொடுத்தோம். அந்தத் தாள் கையில் வந்த பிறகுதான் நிவாரணத் தொகை நகர்ந்தது, வாரிசுச் சான்றிதழ் கிடைத்தது, வங்கிக்காரர் பேசினார். அரசாங்கம் நமக்கும் சேர்த்துத்தான் என்று ஒரு குடும்பம் நம்புவதும், இல்லை என்று முடிவு கட்டுவதும் தாலுகா ஆபீஸ் மேசையில்தான் நடக்கிறது. ஈராக் செய்திகளை அந்தக் கண்ணோடுதான் படித்து வருகிறேன்.

ஐ.எஸ். பிடியில் இருந்த பகுதிகளில் 202 மனிதப் புதைகுழிகள் இருப்பதாக 2018இல் ஐ.நா. அறிக்கை கூறியது. அவற்றுள் 6,000 முதல் 12,000 உடல்கள் வரை இருக்கலாம் என்பது அதன் கணிப்பு. மொசூலுக்குத் தெற்கே கஸ்பா என்ற பெரும் பள்ளத்தில் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்று தள்ளினார்கள். அங்கே தோண்டும் பணி தொடங்கியதே 2025 ஆகஸ்டில்தான். நகரம் மீட்கப்பட்டது 2017 ஜூலையில். இடைப்பட்ட எட்டு ஆண்டுகளும் அந்தக் குடும்பங்கள் எந்தக் கணக்கில் இருந்தன? எலும்பு கிடைக்காமல் மரணத்தைப் பதிவு செய்வது எளிதல்ல; பதிவாகாமல் விதவைக்கு ஓய்வூதியம் இல்லை. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தர அங்கே 2009ஆம் ஆண்டின் 20ஆம் எண் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் போட்ட மனுக்கள் ஆண்டுக்கணக்கில் தேங்கிக் கிடந்தன.

இதைவிடச் சிக்கலானது ஐ.எஸ். ஆட்சியில் பிறந்த குழந்தைகளின் நிலை. அந்த அமைப்பு கொடுத்த பிறப்புச் சான்றிதழையும் திருமணச் சான்றிதழையும் அரசு ஏற்காது. அது சரிதான். மாற்றாக அரசின் சான்றிதழ் வேண்டும் என்றால் பாதுகாப்புத் துறையின் தடையில்லா அனுமதி வேண்டும். தந்தை பெயரோ மாமன் பெயரோ தேடப்படுவோர் பட்டியலில் இருந்தால் மனு அங்கேயே நிற்கும். கணவர் மீது தானே நீதிமன்றத்தில் புகார் கொடுத்து, அவரைக் கைவிட்டதாக எழுதித் தந்தால்தான் வழி என்று பெண்களிடம் சொன்னார்கள். அடையாள அட்டை இல்லாமல் சோதனைச் சாவடியைத் தாண்ட முடியாது. ஆவணம் இல்லாத பிள்ளைகளையும் பள்ளியில் சேர்க்கலாம் என்று கல்வி அமைச்சகம் 2018இல் சொன்ன பிறகும் பல இடங்களில் திருப்பி அனுப்பினார்கள்.

"கொலைகாரன் பிள்ளைக்கு என்ன பரிவு?" என்று கேட்பவர்களுக்கு ஈராக்கின் சிறுபான்மைச் சமயத்தவரான யாசிதி மக்களின் துயரத்தையே சான்றாகக் காட்டலாம். 2014 ஆகஸ்டில் வட ஈராக்கின் சிஞ்சாரில் ஐ.எஸ். அந்த மக்களைக் கொன்றும் அடிமையாக்கியும் செய்த கொடுமையை எந்த நியாயமும் ஆற்றிவிடாது. குற்றம் செய்தவனைத் தண்டித்தே ஆக வேண்டும். ஆனால் அடிமையாக்கப்பட்ட யாசிதிப் பெண்ணுக்குப் பிறந்த குழந்தையின் கதி என்ன? ஈராக் சட்டம் அதை முஸ்லிம் என்றுதான் பதிவு செய்யும். யாசிதி சமயப் பெரியோரோ ஏற்பதில்லை. 2021இல் வந்த யாசிதிப் பெண்களுக்கான நிவாரணச் சட்டம் இந்தக் குழந்தைகளைப் பற்றி வாய் திறக்கவில்லை. பெற்ற பிள்ளையா, பிறந்த ஊரா என்று ஒரு தாயைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது கொடுமை.

இதில் இரக்கம் மட்டுமில்லை, நாட்டின் அமைதியும் அடங்கியிருக்கிறது. ஏனென்றால் ஈராக் இந்தப் பாதையில் ஏற்கெனவே ஒரு முறை போய் விழுந்திருக்கிறது. 2006, 2007 ஆண்டுகளில் அன்பார் மாகாணத்துச் சுன்னி குலத்தவர்கள் அல் காய்தாவை எதிர்த்துத் துப்பாக்கி ஏந்தினார்கள். நாளடைவில் சுமார் ஒரு லட்சம் பேர் சேர்ந்தார்கள். ஐந்தில் ஒரு பங்கினரைப் படையிலும் போலீசிலும் சேர்ப்போம், மற்றவர்களுக்கு வேறு வேலை தருவோம் என்றது ஷியா தலைமையிலான பாக்தாத் அரசு. பலருக்கு வேலை வரவில்லை; சிலர் கைதே ஆனார்கள். 2013 ஏப்ரலில் ஹவிஜா என்ற ஊரில் சுன்னி போராட்டக்காரர்கள் அரசுப் படையால் சுடப்பட்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் அபு கிரைப் சிறை உடைக்கப்பட்டு 500க்கும் மேற்பட்ட கைதிகள் தப்பினார்கள். அடுத்த ஆண்டு ஜூனில், எண்ணிக்கையில் பல மடங்கு பெரிய ராணுவம் இருந்தும், மொசூல் சில நாள்களில் விழுந்தது. பாக்தாத்துக்காக நின்று சாக அந்த ஊரில் எத்தனை பேருக்கு மனம் இருந்திருக்கும்?

பணம் இல்லாமல் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2018 பிப்ரவரியில் குவைத் மாநாட்டில் ஈராக் கேட்டது 88 பில்லியன் டாலர். சுமார் 30 பில்லியன் தருவதாக வாக்கு வந்தது, அதிலும் பெரும்பகுதி கடனும் முதலீடும். பாலங்களும் கட்டடங்களும் எழுந்தன. பதிவு அலுவலகத்தில் கூடுதலாக எழுத்தர்களைப் போடவும், மரபணுப் பரிசோதனைக் கூடத்தை விரிவாக்கவும் அந்த அளவு பணம் தேவையே இல்லை.

நமக்கும் இது அந்நிய விவகாரம் அல்ல. 2014 ஜூனில் மொசூலில் கடத்தப்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் 39 பேர் கொல்லப்பட்டதை 2018 மார்ச்சில்தான் அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் மாநிலங்களவையில் அறிவித்தார். பெரும்பாலும் பஞ்சாபியர். மொசூலுக்கு அருகே பதுஷ் புதைமேட்டில் கிடைத்த எச்சங்களை மரபணுச் சோதனையில் ஒப்பிட்டுத்தான் உறுதி செய்தார்கள். ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அந்த வீடுகளில் திதியும் கொடுக்க முடியாமல், நம்பிக்கையும் வைக்க முடியாமல் இருந்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைத்த அந்த உறுதிகூடக் கிடைக்காத ஈராக்கியத் தாய்மார் ஏராளம்.

ஈராக்கிலிருந்து பெருமளவில் கச்சா எண்ணெய் வாங்கும் நாடு நாம். தடயவியல் வல்லுநர்களையும், பேரிடருக்குப் பின் இறப்புப் பதிவை நடத்திய அனுபவமுள்ள அலுவலர்களையும் அனுப்ப முன்வருவதாக மத்திய அரசு பாக்தாத்திடம் சொல்லலாம். தாங்களும் பள்ளிவாசல் திறப்போடு நிறுத்தாமல், கஸ்பாவில் எத்தனை பேர் அடையாளம் காணப்பட்டார்கள், மொசூல் அடங்கிய நினிவே மாகாணத்தில் எத்தனை பிள்ளைகளுக்குச் சான்றிதழ் கிடைத்தது என்ற விவரங்களை அவ்வப்போது வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துணை வட்டாட்சியர்,
வேளாங்கண்ணி.