குழுவில் இல்லாத எண்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சிங்கப்பூரின் துவாஸ் வட்டாரத்தில் ஒரு கிடங்கில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். காலை பத்தரைக்கு எங்கள் பிரிவே கோப்பி குடிக்கக் கிளம்பும், என்னை மட்டும் யாரும் கூப்பிட மாட்டார்கள். திட்டியதில்லை, சண்டையும் இல்லை. வாட்ஸ்அப் குழுவில் என் எண் இல்லை, அவ்வளவுதான். ஷிப்ட் மாறியதுகூட எனக்கு மறுநாள்தான் தெரியும்.

அங்கே அடிக்கடி வெளியே போகும் பெட்டிகள் கடைசி வரிசையில், தலைக்கு மேலே இருந்தன. ஒவ்வொரு தடவையும் ஏணியை இழுத்துக்கொண்டு போகவேண்டும். அவற்றைப் பொட்டலம் கட்டும் மேசைக்குப் பக்கத்தில், இடுப்பு உயரத்தில் வைத்தால் பாதி நடை மிச்சம் என்று தோன்றி, ஒரு டெலிவரி ஆர்டர் தாளின் பின்பக்கம் படமே வரைந்துவிட்டேன். யாரிடம் காட்டுவது? கூட்டத்தில் சொன்னால் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்வார்களே என்று மடித்து லாக்கரில் போட்டேன். வேலையை விட்டபோது தாளும் என்னோடு வந்துவிட்டது.

2003இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், கணினியில் பந்து வீசி விளையாடச் சொல்லி, கொஞ்ச நேரத்தில் ஒருவருக்கு மட்டும் பந்து வராமல் செய்தார்கள். உடம்பு வலிக்கும்போது இயங்கும் மூளைப் பகுதியே அப்போதும் இயங்கியதாம். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை.

இங்கே 1981இல் உற்பத்தித்திறன் இயக்கம் தொடங்கியபோது, அந்த இயக்கத்தின் சின்னமான டீமி தேனீயைப் பலர் மறந்திருக்கமாட்டீர்கள், ஊழியர்கள் சிறு குழுவாக உட்கார்ந்து தங்கள் வேலையில் உள்ள சிக்கலைத் தாங்களே பேசித் தீர்க்கவேண்டும் என்றார்கள். சேர்ந்து உட்காரவே விடாமல் ஆலோசனைப் பெட்டியை மட்டும் சுவரில் மாட்டினால் அதில் என்ன விழும்?

இப்போது வேலை செய்யும் இடத்தில், முதல் நாளே ஒரு மலாய் அக்கா தன் தட்டை நகர்த்தி, இங்கே உட்கார் என்றார். மூன்றாவது வாரம் அந்தப் பழைய தாளை எடுத்துப்போய் அவரிடம்தான் காட்டினேன். அப்புறம் இருவருமாக மேற்பார்வையாளரிடம் போனோம்.

வேலையிட நியாயத்தன்மைச் சட்டம் 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது நல்ல விஷயம். வயது, இனம், மொழி என்று காரணம் காட்டி வேலை மறுப்பதையும் நீக்குவதையும் அது தடுக்கும். கோப்பிக்குக் கூப்பிடாததைச் சட்டம் பார்க்காது, மேற்பார்வையாளர்தான் பார்க்கவேண்டும். வேலைச் செய்தி போகும் குழுவில் எல்லாருடைய எண்ணும் இருக்கிறதா என்று, சரி, இந்த வாரமே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வாசகி,
ஈசூன்