உண்ணியில் கிருமி இல்லை என்று எழுதும் முன்: பூச்சியியல் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மாவட்டப் பூச்சியியல் குழுக்களுக்கும், கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுகளுக்கும், அவர்கள் தரும் அறிக்கையில் கையெழுத்திடும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

ஓர் ஊரில் காய்ச்சல் பரவினால் நாய், ஆடு, மாடுகளிலிருந்து உண்ணி பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறீர்கள். கிருமியின் டிஎன்ஏவைப் பல மடங்காகப் பெருக்கித் தேடும் பிசிஆர் சோதனையின் முடிவு 'நெகடிவ்' என்று வந்தால் கோப்பு மூடப்படுகிறது. நாங்கள் கேட்பது ஒன்றுதான்: அந்தக் குழாயில் உண்ணியின் சொந்த டிஎன்ஏ பெருகியது என்று காட்டாத எந்த நெகடிவ் முடிவையும் ஏற்காதீர்கள்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். 'உண்ணிக் காய்ச்சல்' என்று இங்கே சொல்லப்படுவது பெரும்பாலும் ஸ்க்ரப் டைஃபஸ். அதன் கிருமியான ஓரியன்ஷியா சுட்சுகாமுஷியைப் பரப்புவது மாட்டு உண்ணியோ நாய் உண்ணியோ அல்ல. கண்ணுக்கு எளிதில் படாத லெப்டோட்ராம்பிடியம் சிற்றுண்ணியின் இளம்பருவம். அதைத் தேட எலியையும் மூஞ்சூறையும் பொறிவைத்துப் பிடித்து, காது மடலைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். மாட்டு மடியில் எடுத்த உண்ணியில் ஓரியன்ஷியா இல்லை என்றால் அந்த ஊரைப் பற்றி எதுவும் தெரிந்துவிடாது. நாய் உண்ணியில் தேட வேண்டியவை வேறு: இந்திய உண்ணி டைஃபஸுக்குக் காரணமான ரிக்கெட்சியா கொனோரி, நாய்களை வாட்டும் எர்லிக்கியா கேனிஸ். நீலகிரிக் காட்டோர உண்ணிகளில் கவலைப்பட வேண்டிய குரங்குக் காய்ச்சல் வைரஸோ ஆர்என்ஏ கொண்டது. டிஎன்ஏ சோதனையில் அது தெரியவே தெரியாது. அங்கே பிடித்த உண்ணியை உயிரோடு திறந்த மேசையில் நசுக்கவும் கூடாது.

பாதித் தவறு களத்திலேயே நடக்கிறது. உண்ணியைக் கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். வாயுறுப்பு உடைந்தால் இனம் காண்பது கடினம். 70 சதவீதத்துக்குக் குறையாத எத்தனாலில் போடுங்கள். ஃபார்மலின் வேண்டவே வேண்டாம். அது டிஎன்ஏவைப் புரதத்தோடு பிணைத்துத் துண்டாக்கிவிடும். சீட்டைப் பென்சிலால் எழுதிக் குழாய்க்குள்ளேயே போடுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்து, பெட்டி வந்து சேரும்போது எந்த ஊர், எந்த விலங்கு என்று தெரியாத வெற்றுச் சீட்டுகளே மிஞ்சுகின்றன.

ஆய்வகத்தில் பெரிய எதிரி ரத்தம். ரத்தம் குடித்து ஆமணக்கு விதைபோல் உப்பிய பெண் உண்ணியைக் கீறினால் காப்பிக் கசடுபோல் கறுத்த கூழ் வழியும். அதிலுள்ள ஹீம் எனும் ரத்த நிறப்பொருள், பிசிஆரில் டிஎன்ஏவைப் பெருக்கும் டாக் பாலிமரேஸ் நொதியை முடக்கிவிடும். குழாயில் கிருமி இருந்தாலும், டிஎன்ஏ பெருகியதைக் காட்டும் பட்டை வராது. இதைக் கண்டுபிடிக்கத்தான் உண்ணியின் மைட்டோகாண்ட்ரிய 16எஸ் மரபணுவுக்கு, சுமார் 460 கார இணை (டிஎன்ஏவின் நீள அலகு) நீளத்துக்கு, தனியாக ஒரு பிசிஆர் ஓட்ட வேண்டும். அது வராவிட்டால் டிஎன்ஏவைப் பத்தில் ஒன்றாக நீர்த்து, மைக்ரோலிட்டருக்கு 0.4 மைக்ரோகிராம் பிஎஸ்ஏ (அந்தத் தடையைக் குறைக்கும் புரதம்) சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் வராவிட்டால் எழுத வேண்டிய சொல் 'சோதிக்க இயலவில்லை', 'நெகடிவ்' அல்ல.

உண்ணியின் ஓடு கடினமானது என்பதையும் மறக்கக் கூடாது. முழு உண்ணியை அப்படியே கரைசலில் ஊறவைத்தால் போதாது. நீளவாக்கில் பிளந்து, ஒரு பாதியைச் சான்றுக்கு எத்தனாலில் வைத்துக்கொண்டு, மறுபாதியை நறுக்கி, புரதத்தைச் சிதைக்கும் புரோட்டினேஸ் கே நொதி சேர்த்து 56 டிகிரியில் இரவு முழுக்க விடுங்கள்.

பாசிடிவ் வந்தாலும் அவசரம் வேண்டாம். நாயிலிருந்து எடுத்த உப்பிய உண்ணியில் எர்லிக்கியா இருந்தால், அது நாயின் ரத்தத்தில் இருந்ததாகவும் இருக்கலாம். அந்த உண்ணி நோயைக் கடத்தும் என்பதற்கு அது சான்றாகாது. வெள்ளைத் துணியைப் புல்லில் இழுத்துப் பிடித்த, ரத்தம் குடிக்காத உண்ணிக்குத்தான் அந்த மதிப்பு. அதிலும் பத்து நிம்ஃபுகளை (முழுதாக வளராத இடைப்பருவ உண்ணிகளை) ஒரே குழாயில் சேர்த்திருந்தால், பாசிடிவ் என்பதற்குப் பத்தில் குறைந்தது ஒன்றில் கிருமி இருந்தது என்று மட்டுமே பொருள்.

ஆடு மாடுகளிலிருந்து மனிதருக்குத் தொற்றும் கியூ காய்ச்சல் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. அதன் கிருமி காக்ஸியெல்லா. நாய் உண்ணியில் காக்ஸியெல்லாவை ஒத்த கூட்டுயிர்ப் பாக்டீரியா இயல்பாகவே வாழ்கிறது. பாக்டீரியாக்களின் 16எஸ் மரபணுவைத் தேடும் பொதுப் பிரைமரில் (பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் டிஎன்ஏ துண்டில்) அது 'காக்ஸியெல்லா' என்றே வரும். கியூ காய்ச்சலுக்கென்று நம்பப்படும் ஐஎஸ்1111 என்ற டிஎன்ஏ குறியீடுகூட இக்கூட்டுயிர்கள் சிலவற்றில் உண்டு. டிஎன்ஏவின் எழுத்து வரிசையைப் படிக்காமல் ஓர் ஊரைக் கியூ காய்ச்சல் ஊராக அறிவித்தால், ஆடு வளர்ப்பவர்தான் சந்தையில் அடிபடுவார். ரிக்கெட்சியாவுக்கும் அதே முறைதான்: ஜிஎல்டிஏ மரபணுவின் 401 இணைத் துண்டு பேரினத்தைக் காட்டும், ஓஎம்பிஏ மரபணுவையும் பெருக்கி இரண்டையும் வரிசை படித்த பிறகே இனத்தின் பெயரை எழுதுங்கள்.

ஒன்றாகச் சோதிக்கும் ஒவ்வொரு மாதிரித் தொகுதியிலும் உண்ணியே இல்லாத வெற்றுக் குழாய் ஒன்றை டிஎன்ஏ பிரிப்பிலிருந்தே கூட ஓட்டுங்கள். அதில் பட்டை வந்தால் அந்தத் தொகுதியின் பாசிடிவ் எதுவும் செல்லாது.

ஆகவே அதிகாரிகளே, முடிவுப் படிவத்தை மாற்றுங்கள். உண்ணியின் இனமும் பருவமும், ரத்தம் குடித்ததா இல்லையா, மைட்டோகாண்ட்ரிய 16எஸ் வந்ததா, வெற்றுக் குழாய் சுத்தமா என்று கட்டங்கள் இருக்கட்டும். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் தாளைத் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உண்ணிகளைச் சோதிக்கும் ஆய்வகப் பணியாளர்கள்