எரிந்த படகில் மிஞ்சிய பாய்லர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கனடாவின் ஹியூரான் ஏரியில் மூழ்கிக் கிடக்கும் நீராவி இழுவைப் படகுகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். டோபர்மோரி துறையில் 1935-இல் எரிந்த 'ராபர்ட் கே', 1947-இல் எரிந்த 'ஜான் அண்ட் அலெக்ஸ்' என்று எழுதிவிட்டு, தண்ணீரில் நிற்கிற படகு எப்படித் தீப்பிடிக்கும் என்று கட்டுரையாளர் கேட்டிருந்தார். மதுரையில் ஒரு பஞ்சாலையில் 31 வருடம் பாய்லர் பார்த்தவன் நான். அதனால் இதற்குப் பதில் சொல்லத் தோன்றியது.

எங்களுடையது லங்காஷயர் பாய்லர், அதாவது உள்ளே தீ எரிந்து நீராவி தரும் பெரிய இரும்பு உருளை. சுற்றிலும் செங்கல் கட்டு. பக்கத்தில் ஒரு எண்ணெய்த் துணி கிடந்தாலும் போர்மேன் சத்தம் போடுவார். இழுவைப் படகில் அப்படி ஒதுங்க இடம் ஏது? சின்ன மர உடம்பு, அதற்குள்ளேயே அடுப்பு, நிலக்கரி, கிரீஸ், பெயின்ட் எல்லாம். புகைபோக்கி மரக்கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே போகும். வருடக்கணக்கில் அந்தச் சூட்டில் காய்ந்த பலகை சுள்ளி மாதிரிதான். ராத்திரி தீயை மூடிவைத்துவிட்டு ஆட்கள் கரைக்குப் போயிருந்தால் ஒரு பொறி போதும்.

இப்படிப் பிடித்த தீ பெரும்பாலும் நீர்மட்டம் வரை தின்றுவிடும். அதற்குக் கீழே அடிப்பலகை மிஞ்சும், பாய்லரும் இன்ஜினும் மிஞ்சும். தூத்துக்குடிக் கடலாக இருந்தால் அந்தப் பலகையையும் துளைப்புழு சல்லடையாக்கியிருக்கும். அது உப்புத்தண்ணீர்ப் புழு. ஹியூரான் நல்ல தண்ணீர், அதிலும் குளிர்ந்த தண்ணீர். மரம் அப்படியே கிடக்கிறது. அப்புறம், 1987-இல் அந்தப் பகுதியை 'ஃபேதம் ஃபைவ்' தேசியக் கடல் பூங்காவாக ஆக்கியிருக்கிறார்கள். முக்குளிப்பவர்கள் இறங்கிப் பார்க்கலாம், ஒரு ஆணியைக்கூட எடுத்துவரக் கூடாது.

அந்த இடத்தில்தான் எனக்கு மனசு கனத்துப்போனது. எங்கள் ஆலையை மூடியபோது பாய்லரைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். கேஸ் கட்டர் வைத்துத் தகடு தகடாக அறுத்து, எடைபோட்டு, லாரியில் ஏற்றினார்கள். மூன்று நாள் வேலை. ஒரே சீராக ஓடிய ரிவிட் வரிசையின் நடுவே தீ நாக்கு போவதை நின்று பார்த்தேன். ஆய்வாளர் வரும்போதெல்லாம் சுத்தியலால் தட்டி அதன் சத்தத்தைக் கேட்பார். அந்தத் தகடுதான்.

ஆலைச் சங்கைக் கேட்டு உலை வைத்த ஊர் இது. அந்தச் சங்கை ஊதிய நீராவி எங்கிருந்து வந்தது என்று என் பேரனுக்குக் காட்ட இன்று எனக்குத் தெரிந்து இங்கே ஒரு பாய்லர்கூட இல்லை. அந்நிய ஊரில், ஏரிக்கு அடியில், எரிந்துபோன படகின் பாய்லருக்கு இருக்கிற காவல் இங்கே வெட்டவெளியில் நின்றதற்கு இல்லாமல் போயிற்று.

மதுரைச் சுற்றுவட்டாரத்தில் மூடிக்கிடக்கும் ஆலை எதிலாவது இன்னும் ஒரு பழைய பாய்லர் அறுபடாமல் நின்றால், அதை விற்றுவிட வேண்டாம் என்று உரிமையாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். காந்தி அருங்காட்சியக வளாகத்திலேயே அரசு அருங்காட்சியகமும் இருக்கிறது. அங்கே ஒரு கூரை போட்டு நிறுத்தலாம். எங்கள் பாய்லரில் தண்ணீர் மட்டம் காட்டிய கண்ணாடியின் பித்தளைத் திருகு என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அறுத்த அன்று கேட்டு வாங்கி வந்தது. அப்படி ஒரு இடம் அமைந்தால் அதைக் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாய்லர் அட்டெண்டர்,
ஆரப்பாளையம், மதுரை.