பச்சை அட்டை ரெஜிஸ்டருக்கு ஒரு நன்றி

வணக்கம்.

நான்கு இரவு கடந்துவிட்டது, லினக்ஸ் ஓடும் எங்கள் போர்டில் (ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பலகை) சிவப்பு விளக்கு எரியவில்லை. இதை எழுதும்போதும் ஒரு கண் அங்கேதான் இருக்கிறது. அந்த விளக்கை எரியவைத்த மென்பொருள் பிழையைத் தேடி 17 நாள் பட்ட பாடு உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் என்னோடு ஒரே வீட்டில் இருந்து அனுபவித்தவர்கள். அதனால் அந்த ராமாயணத்தை மறுபடி ஆரம்பிக்கவில்லை.

மொத்தமாகச் சில நன்றிகளைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ரேம்தான் கெட்டுப்போயிருக்கும் என்று நான் அடம்பிடித்ததற்காக மூன்று போர்டுகளைப் பிரித்து மாட்டிக் கொடுத்த ஹார்டுவேர் நண்பர்களுக்கு. பிழை எந்தப் பதிப்பில் நுழைந்தது என்று பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் கிட் பைசெக்ட் போட்டு, லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் பழைய பதிப்புகளை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தவருக்கு. (எப்போதோ ஒருமுறை தலைகாட்டும் பிழையிடம் பைசெக்ட் செல்லாது, ஓர் இரவு வரவில்லை என்பதற்காக அந்தக் கர்னல் யோக்கியன் ஆகிவிடாது என்று நீங்கள் சொன்னபோதே கேட்டிருக்கலாம்.) வாடிக்கையாளரிடம் "இன்னும் இரண்டு நாள்" என்று எட்டு முறை சொன்ன மேலாளருக்கு. ராத்திரி பதினொரு மணிக்குப் போன் செய்து "சாப்ட்டியா" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்த அம்மாவுக்கு.

இனி இந்த மடல் நைட் டூட்டி செக்யூரிட்டி அண்ணனுக்கு.

அண்ணே, அந்த விளக்கு எதற்கு எரிகிறது என்று முதல் வாரமே கேட்டீர்கள். "ஒண்ணுமில்லண்ணே, சாஃப்ட்வேர்" என்று சொல்லிவிட்டு நான் பாட்டுக்குப் போய்விட்டேன். அந்தப் பதிலை இப்போது சொல்கிறேன்.

லினக்ஸ் கர்னலில் யாருக்கு நினைவகம் வேண்டுமென்றாலும் கேட்டு வாங்க வேண்டும், வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். லாட்ஜ் ரூம் மாதிரி. பிழை பிடிப்பதற்காக ஒரு வசதி வைத்திருக்கிறார்கள்: காலியான ரூம் முழுக்க 6பி என்ற எண்ணை நிரப்பிவிடும் (கம்ப்யூட்டர் கணக்கில் ஒன்பதுக்குப் பிறகு ஏ, பி என்று எழுத்துகளும் எண்கள்தான்). அடுத்த ஆளுக்குச் சாவி கொடுக்கும் முன் எல்லாம் 6பியாகவே இருக்கிறதா என்று பார்க்கும். மாறியிருந்தால், காலி செய்துவிட்டுப் போனவர் எவரோ திரும்ப உள்ளே புகுந்திருக்கிறார் என்று எச்சரிக்கும். அந்த எச்சரிக்கை வந்தால் சிவப்பு விளக்கு எரியும்படி நான்தான் வைத்திருந்தேன்.

நம் போர்டில் மாறியிருந்தது ஒரே ஒரு பைட், அதாவது நினைவகத்தின் ஒரு சின்னக் கட்டம். வரிசையாக 6பி, 6பி, 6பி, நடுவில் ஓரிடத்தில் 6ஏ. ஒன்றே ஒன்று குறைவு. அதாவது அங்கே ஏதோ ஓர் எண்ணிக்கை இருந்திருக்கிறது, காலியான பிறகும் அதில் யாரோ ஒன்றைக் கழித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தடயம் இவ்வளவுதான். அதுவும் அடுத்த ஆள் ரூம் கேட்டு வரும்போதுதான் தெரியவரும். பத்து நிமிடம் கழித்தும் இருக்கலாம், இரண்டு மணி நேரம் கழித்தும் இருக்கலாம். மணி அடிக்கும்போது அங்கே நிற்பவர் ஒரு பாவமும் அறியாதவர்.

கேசான் என்று கர்னலுக்குள்ளேயே ஒரு காவல்காரர் உண்டு, 2015இல் வந்த 4.0 பதிப்பிலிருந்து இருக்கிறார். தப்பான இடத்தில் கை வைத்த நொடியே பிடித்துவிடுவார். ஆனால் எட்டு பைட்டுக்கு ஒரு பைட் என்று தனக்காக எடுத்துக்கொள்வார், எல்லாமே மெதுவாகிவிடும். அவரை மூன்று இரவு நிறுத்தினேன். ஒன்றும் சிக்கவில்லை. வேகம் குறைந்ததால் பிழை ஒளிந்துகொள்கிறது என்று இரண்டு பக்கத்துக்கு ஒரு விளக்கம் எழுதி எல்லோருக்கும் அனுப்பினேன். படித்தவர்கள் தலையாட்டினார்கள்.

பதினான்காம் நாள் ராத்திரி, இரண்டேகால் இருக்கும். நீங்கள் வந்து மேஜையில் அந்தப் பச்சை அட்டை ரெஜிஸ்டரை வைத்தீர்கள். கரண்ட் போன நேரம், ஜெனரேட்டர் ஓடிய நேரம், டீசல் அளவு, கையெழுத்து. ஓரத்தில் பென்சிலால் சின்னச் சின்ன வட்டங்கள்.

"ரவுண்ட்ஸ் வரப்ப லைட்டு எரிஞ்சா ஒரு வட்டம் போட்டு வெச்சேன் சார். கரண்ட் போகாத ராத்திரி ஒண்ணுல கூட வட்டம் இல்ல, பாருங்க."

பார்த்தேன். 11 தடவை கரண்ட் போயிருக்கிறது. 5 வட்டம். கேசானை நிறுத்திய மூன்று இரவுக்கும் ஒரு வரிகூட இல்லை, அந்த மூன்று நாளும் கரண்ட் போகவே இல்லை! என் இரண்டு பக்க விளக்கம் அங்கேயே செத்தது.

போர்டு யூபிஎஸ்ஸில் இருக்கிறது, அதனால் கரண்ட்டைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. சென்சார் மாட்டிய யூஎஸ்பி ஹப் சாதாரண பிளக்கில் இருந்தது, யூபிஎஸ்ஸில் இடமில்லை என்று நானே சொருகியது. ஜெனரேட்டர் எடுக்கும் வரை அந்தச் சில வினாடி ஹப் செத்து மறுபடி உயிர் பெறும். கர்னல் எழுதும் பதிவான லாகிலும் "யூஎஸ்பி டிஸ்கனெக்ட்" என்று ஒவ்வொரு முறையும் ஒரு வரி விழுந்திருக்கிறது. தினமும் பார்த்த வரி, கண் அதைத் தாண்டியே போய்ப் பழகிவிட்டது. உங்கள் கண்ணுக்கு அப்படிப் பழக்கமில்லை.

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. ஹப் செத்தால் சென்சாரைக் கழற்றிய மாதிரிதான். சென்சாரைக் கழற்றினால், அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் தன் நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்கும், அதற்கு முன் பின்னணியில் ஓடும் வேலையை ரத்து செய்யும். அந்த ரத்து வரிசையில் நிற்கும் வேலையை நீக்கும், ஏற்கெனவே பாதியில் ஓடிக்கொண்டிருப்பதைக் காத்திருந்து முடிக்க வைக்காது. உள்ளே ஆள் இருக்கும்போதே ரூமை அடுத்தவருக்குக் கொடுத்த மாதிரி. அவர் வெளியே வரும்போது கடைசியாக எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்துவிட்டு வருகிறார், அதுதான் 6ஏ. உறுதி செய்ய அந்த வேலையை நடுவில் இரண்டு வினாடி தூங்க வைத்து ஹப் பிளக்கைப் பிடுங்கினோம். மறுபடி மறுபடி சிவப்பு விளக்கு. காத்திருக்கும் ரத்து என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதே பெயர், கடைசியில் 'சிங்க்' என்று சேர்த்தால் போதும். 17 நாளுக்கு மருந்து அந்த ஒரு சொல். அதை விட்டுவிட்டு அந்த வரியை இரண்டு வருடம் முன்பு எழுதியவன் யார் என்று கேட்காதீர்கள். நான்தான்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு அண்ணே. பிழையைத் திருத்தி அனுப்பும்போது அதைக் கண்டு சொன்னவரின் பெயரைத் தனி வரியில் 'ரிப்போர்ட்டட் பை' என்று போடுவோம், அவர் சம்மதித்தால். அந்தத் திருத்தம், எங்கள் பாஷையில் பேட்ச், இன்னும் என்னிடமே இருக்கிறது, உங்களைக் கேட்காமல் அனுப்ப மனம் வரவில்லை. நேற்றுக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தீர்கள்.

"போடுங்க சார். ஆனா இனிஷியல் சரியா போடுங்க, ரேஷன் கார்டுல தப்பா இருக்கு."

இனிஷியலை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டேன். இன்று ராத்திரி நீங்கள் டூட்டிக்கு வந்ததும் திரையில் காட்டிவிட்டு அனுப்புகிறேன்.