பள்ளிக்கூடத்துக்கும் ஒரு மொய் விருந்து வைப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆடி பிறந்துவிட்டது, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கமெல்லாம் மொய் விருந்துப் பத்திரிகைகள் வீடு தேடி வர ஆரம்பித்துவிட்டன. ஊரைக் கூப்பிட்டு விருந்து போட்டு, வருகிறவர்கள் எழுதும் மொய்யில் பணம் திரட்டிக்கொள்ளும் ஏற்பாடு இது. நாளிதழ்களில் எத்தனை கோடி வசூல், எத்தனை கிடா வெட்டினார்கள், வங்கிக்காரர்கள் பணம் எண்ணும் இயந்திரத்தோடு வந்தார்கள் என்பதுதான் வருஷா வருஷம் செய்தி. இதே ஏற்பாட்டை ஊர்ப் பொதுக் காரியத்துக்கும் வருஷத்தில் ஒரு நாள் வைக்கலாம் என்பதுதான் என் யோசனை, பள்ளிக்கூடத்துக்கோ குளத்துக்கோ, எது அவசரமோ அதற்கு.

இதற்காகப் புதிதாக எதுவும் கற்க வேண்டாம். பந்தல் செலவைப் பத்துப் பேர் பங்கிட்டுக்கொள்வது, பெயரும் ஊரும் கேட்டு ஒருவர் நோட்டில் எழுத, பக்கத்தில் இருப்பவர் பணத்தை எண்ணி அண்டாவில் போடுவது, இதெல்லாம் நம் பிள்ளைகளுக்கே அத்துப்படி. 2018 கேரள வெள்ளத்தின்போது வடகாடு பக்கத்து டீக்கடை ஒன்றில் டீயைச் சும்மா கொடுத்து மொய் வாங்கி அனுப்பினார்கள். அதே வருஷம் நவம்பரில் கஜா புயல் நம் தென்னைகளைச் சாய்த்துவிட்டுப் போனது. அந்த நிலையிலும் அடுத்த வருஷமே பேராவூரணி பெரியகுளத்தை இளைஞர்கள் நன்கொடை திரட்டித் தூர்வாரினார்கள். நம்மால் முடியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஒன்றை மட்டும் மாற்றியாக வேண்டும். வீட்டு மொய் என்றால் திருப்பிச் செய்ய வேண்டும், பழைய நடையோடு (முன்பு வாங்கிய தொகை) புது நடையும் (அதற்கு மேல் புதிதாகப் போடுவது) சேர்த்து, அதற்காகக் கடன் வாங்கும் குடும்பங்கள் உண்டு. ஊர் மொய்யில் அந்தப் பேச்சே கூடாது. களையெடுக்கப் போய் வந்த காசில் ஐம்பது ரூபாய் கொடுக்கும் அக்காவின் பெயரையும், வெளிநாட்டிலிருந்து ஐம்பதாயிரம் அனுப்புகிறவர் பெயரையும் மைக்கில் ஒரே மாதிரி வாசிக்க வேண்டும். கறி விருந்தும் வேண்டாம், சாம்பார் சாதம் போதும், இல்லையென்றால் வந்த காசில் பாதி சமையலுக்கே போய்விடும். வீட்டு மொய் விருந்தில் பந்திக்கு வருவது பெரும்பாலும் ஆண்கள்தான், இதில் மொய் எழுதும் மேசையிலேயே மகளிர் குழுப் பெண்கள் உட்காரட்டும். ஓரமாக அவர்கள் பலகாரக் கடை போடலாம், வீட்டுக்கு வீடு கொடுக்கிற தேங்காய், பலாப்பழம், வாழைத்தாரைக் கோயில் திருவிழா மாதிரி ஏலம் விடலாம்.

பள்ளிக்கூடத்தை அரசாங்கம்தானே பார்க்க வேண்டும் என்று கேட்பார்கள். சரிதான், அதை நாம் கேட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும். ஆனால் நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு போடுகிறது. ஊர் இரண்டு லட்சம் திரட்டினால் ஆறு லட்சத்துக்குச் சுற்றுச்சுவர் எழும்பும், இதை ஏன் விட வேண்டும்?

கணக்கு விஷயத்தில் மட்டும் தயவு தாட்சண்யமே கூடாது. வசூல் முடிந்த அன்று இரவே மொத்தத் தொகையை மைக்கில் சொல்லிவிட வேண்டும், மறுநாள் கூட்டுக் கணக்கில் கட்டிவிட வேண்டும், வரவு செலவை ரேஷன் கடைச் சுவரில் ஒட்ட வேண்டும். பொதுக் காரியங்கள் நின்று போவது பெரும்பாலும் பணம் இல்லாமல் இல்லை, கணக்கு சொல்லாமல்தான்.

எங்கள் ஊரில் ஆவணிக்குள் இப்படி ஒன்று வைக்கலாமென்று பேசிக்கொண்டிருக்கிறோம். ஏற்கெனவே செய்து பார்த்த ஊர்க்காரர்கள், என்ன சிக்கல் வந்தது, எப்படிச் சமாளித்தீர்கள் என்று இந்தப் பகுதிக்கு எழுதினால் எங்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

— ஒரு வாசகர், பேராவூரணி வட்டம்