நற்செய்திச் சங்கத்தின் ஆண்டறிக்கை

கனம் சேகரத் தலைவர் ஐயா அவர்களுக்கும், சபை ஊழியர் அவர்களுக்கும், கமிட்டியாருக்கும், சபையார் யாவருக்கும் ஆண்டவர் இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

மாதாந்திர ஜெபக்கூட்டம் தவறாமல் நடந்தது. லெந்து என்னும் தபசு கால வீட்டு ஜெபங்களும், கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கான வேதாகமப் பள்ளியான வி.பி.எஸ்.ஸும், டிசம்பரில் கிறிஸ்துமஸ் கீதபவனியும் நல்லபடியாக நடந்து முடிந்தன.

கைப்பிடி அரிசியைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வீடுதோறும் ஊழியத்துக்காக ஒரு பிடி அரிசி எடுத்து வைக்கிற இந்தக் காணிக்கை நின்றுபோயிருந்தது; அதை இந்த ஆண்டு மறுபடி தொடங்கினோம். “ஜிபே இருக்கிற காலத்தில் அரிசி எதற்கு?” என்று கமிட்டியிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் உலையில் அரிசி போடும்போது ஒரு பிடி எடுத்து டப்பாவில் வைக்கிறவர், அந்த நிமிடம் ஒரு மிஷனெரியை நினைத்து ஜெபிக்கிறார். போனில் பணம் அனுப்பும்போது அந்த நினைப்பு வருவதில்லை. மிசோரம் சபைப் பெண்கள் 1910இல் இப்படித்தான் ஆரம்பித்தார்கள். அப்போது அது ஏழைச் சபை. இன்று பல இடங்களுக்கும் ஊழியர்களை அனுப்புகிற சபை.

நம் டப்பாக்களில் வந்தது புழுங்கல், பச்சரிசி, ரேஷன் அரிசி எல்லாம் கலந்துதான். பெண்கள் ஐக்கிய சங்கத்தார் ஆராதனை முடிந்து கோயில் வராந்தாவில் உட்கார்ந்து, கல்லும் குருணையும் நீக்கிப் புடைத்து, ரகம் பார்த்துத் தனித்தனிச் சாக்கில் கட்டி ஏலத்துக்கு வைத்தார்கள். வேலைக்குப் போகிற பிள்ளைகளும் முறத்தோடு உட்கார்ந்ததைப் பார்க்க நிறைவாக இருந்தது.

நமக்கு இது புதிதும் அல்ல. 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது, இந்தியரின் பணத்தில், இந்தியரின் நிர்வாகத்தில், இந்தியரே ஊழியத்துக்குப் போக வேண்டும் என்று நம் முன்னோர் தீர்மானித்தார்கள். அதன் முதல் செயலாளர் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா. செயலாளர் பொறுப்போடு நின்றுவிடாமல் தானே தோர்னக்கல்லுக்குப் போய்த் தெலுங்கு மக்களிடையே ஊழியம் செய்தார். 1912இல் பேராயரானார். ஞானஸ்நானம் பெறுகிறவர்கள் தங்கள் தலையில் தாங்களே கையை வைத்து, “சுவிசேஷத்தைப் பிரசங்கியாமலிருந்தால் எனக்கு ஐயோ” என்று சொல்லும்படி அங்கே பழக்கினார். கூலி வேலை பார்த்த, எழுதப் படிக்கத் தெரியாத மக்கள் அப்படிச் சொன்னார்கள். சுவிசேஷம் சொல்வது குருவாகிய ஐயருடைய வேலை, உபதேசியாருடைய வேலை என்று நாம் இருந்துவிட முடியுமா?

இதை மன வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். அங்கத்தினர் பட்டியல் நீளமாக இருக்கிறது. ஜெபக்கூட்டத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் அதே தாய்மார்தான். அசன விருந்துக்கு இலை போட ஓடி வருகிற வாலிபத் தம்பிமார், பக்கத்து ஊருக்குக் கைப்பிரதியோடு போகக் கூப்பிட்டால் வருவதில்லை. சந்தா பாக்கியால், வடக்கே நாம் தாங்குகிற மிஷனெரி குடும்பத்துக்கு ஜூன் மாதப் பணம் பிந்திப் போனது. பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுகிற மாதம் அது. அவர்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்கள் கேட்காததுதான் எனக்கு அதிக வேதனையாக இருந்தது.

வரவுக்குள் செலவு செய்திருக்கிறோம். கையிருப்பு சொற்பம். தணிக்கை செய்த கணக்கு பொருளாளரிடம் இருக்கிறது, யாரும் பார்க்கலாம்.

ஆலோசனை தந்த ஐயா அவர்களுக்கும், பாடகர் குழுவுக்கும், ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களுக்கும், மைக் செட் தந்து உதவியவர்களுக்கும் நன்றி.

சந்தா பாக்கி உள்ளவர்களின் பெயர்களை இன்று வாசிக்க வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். நான் சம்மதிக்கவில்லை. அடுத்த ஆண்டு இன்னொரு ஊழியரையும் தாங்க வேண்டும் என்பது என் ஆசை. இப்போதைய நிலையில் அதைத் தீர்மானமாகக் கொண்டுவர எனக்குத் துணிவில்லை. புதிய டப்பாக்கள் கோயிலின் வெஸ்ட்ரி அறையில் இருக்கின்றன. ஆராதனை முடிந்து போகும்போது வீட்டுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பாக்கியை மே மாதத்துக்குள் பொருளாளரிடம் சேர்த்தால், ஜூன் பணம் நேரத்தோடு போய்ச் சேரும்.

கிறிஸ்துவின் பணியில்,
செயலாளர்